சக்கர நாற்காலியோடு எம்.ரெட்டியபட்டிக்கு: தங்கச்சி வீட்டுக்கு நிலை வைத்த நாள்

வாங்க, வாங்க. எல்லாரும் சுகமா? வீட்டில் பிள்ளைகள், பெரியவர்கள், ஆடு மாடு எல்லாம் சுகமா? உங்கள் பக்கம் மழை உண்டா? எங்கள் பக்கம் வானம் கறுக்கிறது, கருவேலங்காட்டு மேலே இரண்டு சொட்டுப் போடுகிறது, அப்புறம் கமுதிப் பக்கம் போய்விடுகிறது. இருக்கட்டும். உட்காருங்கள், ஒரு பயணம் போன கதை சொல்கிறேன். எனக்கு எழுத வராது. நான் பேசினால் போன் எழுதிக்கொள்ளும். அதைத் திருத்தி ஒழுங்காகப் போடுவது என் தங்கச்சி செல்வி. இது அவளைப் பற்றிய கதையும்தான், அதனால் எங்காவது அவளை அதிகமாகப் புகழ்ந்திருந்தால் அது அவள் சேர்த்தது.

செல்விக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. பருத்தி மூட்டை ஏற்றிய டிராக்டர் கவிழ்ந்ததில் வந்தது. சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். அவளும் மாப்பிள்ளை கருப்பசாமியும் அருப்புக்கோட்டையில் நெசவுக்காரர் தெரு ஒன்றில் வாடகைக்கு இருந்தார்கள். அவள் மோட்டார் தையல் மிஷினில் ரவிக்கை தைப்பாள். காலால் மிதிக்கிற பொறியைக் கையால் அமுக்குகிற மாதிரி மாற்றி வைத்திருக்கிறாள். மாப்பிள்ளைக்குப் பந்தல்குடியில் லாரி பட்டறையில் வேலை. இப்போது மாப்பிள்ளையின் பூர்வீக மனையில், எம்.ரெட்டியபட்டியைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில், சொந்தமாக வீடு கட்டுகிறார்கள். போன ஆவணியில், ஒரு வியாழக்கிழமை, அந்த வீட்டுக்கு நிலை வைத்தார்கள். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: தலைவாசலுக்குக் கதவு மாட்டுகிற மரச்சட்டம்தான் நிலை. அதன் அடியில் ஒரு பொட்டுத் தங்கமும் நவதானியமும் போட்டு, மஞ்சள் பூசி, நல்ல நேரம் பார்த்து நிறுத்துவது எங்கள் வழக்கம். பெண்ணுக்கு அண்ணன் என்ற முறையில் நான் அங்கே நிற்க வேண்டும்.

நான் முதல் நாள் சாயங்காலமே கிளம்பிவிட்டேன். வீரசோழனிலிருந்து நாலேகால் பஸ். அருப்புக்கோட்டை சேர ஒன்றரை மணி நேரம், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். நரிக்குடிப் பக்கம் ஒரு அம்மா ஆட்டுக்குட்டியோடு ஏறி, குட்டிக்கு டிக்கெட் எடுப்பதா வேண்டாமா என்று கண்டக்டரோடு திருச்சுழி வரைக்கும் வாதாடியது. திருச்சுழி வந்ததும் குட்டி இறங்கி ஓடிவிட்டது. அது தனிக் கதை, அதற்குள் போனால் நிலை வைத்து முடியாது.

செல்வி இருந்த வாடகை வீட்டுக்கு வாசலில் மூன்று படி. ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம். அவள் வெளியே போக வேண்டுமென்றால் பக்கத்துத் தறிக்கூடத்தில் குரல் கொடுக்க வேண்டும். தறி நின்றால்தான் குரல் கேட்கும். தறிக்கூடத்துக்காரரான வீட்டு உரிமையாளரும் அவர் மகனும் வந்து நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். நூல் சுற்றிய உருளையைத் தூக்கித் தூக்கிப் பழகிய கை, அதனால் பதமாகத்தான் தூக்குவார்கள். “மெல்லகா, மெல்லகா” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். தங்கமான மனிதர்கள். ஆனாலும் செல்வி என்னிடம் ஒரு தடவை சொன்னாள்:

“அவுக ஒரு நாளும் முகம் சுளிச்சதில்லண்ணே. ஆனா எனக்குத் தெருவைப் பாக்கணும்னு தோணும்போது அவுகளுக்குத் தறி நிக்கணும். அதை நெனச்சே பாதி நாள் வெளிய போறதில்ல.”

புது வீட்டில் அவளுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். யார் கையும் படாமல் உள்ளே போக வேண்டும், வெளியே வர வேண்டும்.

அதற்காக மாப்பிள்ளை ரொம்ப மெனக்கெட்டார். தெரிந்த ஒரு இன்ஜினியர் தம்பியைப் பிடித்து விதியெல்லாம் கேட்டு வந்தார். ஒரு அடி உயரம் ஏற சாய்தளம் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். வாசல் மூன்று அடி அகலம். குளியலறைக்குள் நாற்காலி முழுசாகத் திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி இடம். இதில் பாருங்கள், எங்கள் ஊர் கரிசல். மழை பெய்தால் மண் ஊதும், காய்ந்தால் வெடிக்கும். அதனால் பேஸ்மட்டத்தை மூன்று அடிக்கு ஏற்றிக் கட்டுவார்கள். பேஸ்மட்டம் எவ்வளவு உயரமோ அவ்வளவு கௌரவம். மூன்று அடிக்குச் சாய்தளம் போட்டால் முப்பத்தாறு அடி, அது மனையைத் தாண்டிப் பக்கத்துக் கம்மங்காட்டுக்குள் போய் முடியும். கடைசியில் அடி மண்ணை ஆழமாக எடுத்துவிட்டுக் கிராவல் கொட்டி இடித்து, பேஸ்மட்டத்தை ஒன்றரை அடிக்கு இறக்கினார்கள். வீட்டின் பக்கவாட்டில் பதினெட்டு அடிச் சாய்தளம். மாப்பிள்ளையின் அக்கா ராக்கம்மா அதற்கே ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. “என் தம்பி வீடு ரோட்டோட ரோடா கிடக்கு” என்று ஊரெல்லாம் சொன்னது.

சரி, பயணத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு லோடு ஆட்டோ வந்தது. ஓட்டுநர் இப்ராகிம் பாய், எங்கள் வீரசோழன்காரர், சரக்கு இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டி. வாடகை அறுநூறு. ஏன் பஸ்ஸில் போகவில்லை என்று கேட்பீர்கள். பஸ்ஸில் போகலாம். மடக்குகிற நாற்காலியைப் பின்னால் வைக்கக் கண்டக்டர்கள் இடம் தருவார்கள். ஆனால் ஆளைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். விசேஷத்துக்குப் போகிற அன்றைக்குக் கட்டின சேலையோடு அப்படி ஏற அவளுக்கு இஷ்டமில்லை.

இப்ராகிம் பாய் இரண்டு பலகை கொண்டு வந்திருந்தார். நாற்காலி பலகை வழியாக ஏறிவிட்டது. அப்புறம் கயிற்றை எடுத்து நாற்காலியை நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார்.

“என்ன பாய், ஆட்டைக் கட்டுற மாதிரி கட்டுறீக?”

“ஆடா இருந்தா கட்டவே வேண்டாம் தங்கச்சி. அது பேசாம நிக்கும்.”

கட்டியது நல்லதாகப் போயிற்று. பாலையம்பட்டிப் பக்கத்து வேகத்தடை எதையும் அவர் மதிக்கவில்லை என்று சொல்ல வந்தேன். பாலையம்பட்டி மதுரை ரோட்டில் இருக்கிறது, நாங்கள் போனது அந்தப் பக்கமே இல்லை என்று செல்வி திருத்துகிறாள். எந்தப் பக்கமோ, வேகத்தடை இருந்தது. நாற்காலியின் பிரேக்கை மட்டும் நம்பி வண்டியில் ஏறாதீர்கள்.

டவுனைத் தாண்டினால் இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல். விதைப்புக்கு மழையை எதிர்பார்த்துக் கிடந்தது. நடுவில் கருவேல மரத்தை மண் மூடிக் கரியாக்குகிற மூட்டம் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. பாதி வழியில் ஒரு டீக்கடை. டீ பன்னிரண்டு ரூபாய், வடை எட்டு. கடைக்கு ஏற இரண்டு கல் படி, அதனால் டீ வண்டிக்கே வந்தது. செல்வி வாங்கவில்லை. முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர்கூட அளந்துதான் குடிப்பாள். இந்த ரோட்டில் நாற்காலி நுழைகிற கழிப்பறை ஒன்றுகூட நான் பார்த்ததில்லை. ஆண்பிள்ளைக்கு இது உறைக்காது. எனக்கே அவள் சொல்லித்தான் தெரியும்.

எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வண்டி மீட்டரில் இருபத்திரண்டு கிலோமீட்டர் காட்டியது. நல்ல நேரம் பத்தரையிலிருந்து பதினொன்றரை. பந்தல் கட்டி, மாவிலை தொங்கி, ஏழெட்டுப் பொம்பளைகள் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தார்கள். நிலையும் வந்து சுவரில் சாய்ந்திருந்தது. சொந்தக் காட்டு வேப்பமரம். ஆசாரி அருமையாக இழைத்திருந்தார், மேல்சட்டத்தில் தாமரையும் கொடியும். எல்லாரும் தாமரையைப் பார்த்தோம். செல்வி மட்டும் கீழே பார்த்தாள்.

கீழே நிலைப்படி இருந்தது. நாலு அங்குல உயரம், வழக்கம்போல.

எப்படி நடந்தது என்று நினைக்கிறீர்கள்? சாய்தளம் அளந்தாயிற்று, வாசல் அகலம் அளந்தாயிற்று, கக்கூஸ் உயரம்கூட அளந்தாயிற்று. நிலைப்படியைப் பற்றி ஒருத்தரும் ஆசாரியிடம் வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளையும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எங்களுக்கு அது கட்டடத்தில் சேர்ந்த சாமானே இல்லை, சாமியில் சேர்ந்தது. சாமியை யார் அளப்பார்? விதிப்படி அரை அங்குலத்துக்கு மேல் படி இருக்கக் கூடாது என்று அந்த இன்ஜினியர் தம்பி சொன்னதாக மாப்பிள்ளைக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“ஆசாரியாரே, இந்தப் படி...” என்று மாப்பிள்ளை இழுத்தார்.

“படிக்கு என்ன? உளுத்துப் போகாத வைரம் பாஞ்ச கட்டை. நாலு பக்கமும் சேந்தாத்தான் நிலை மாப்ள. மூணு பக்கம்னா அது மாட்டுக்கொட்டம்.”

கொத்தனார் வந்து பார்த்தார். படிக்கு இரண்டு பக்கமும் சிமெண்டில் சின்னச் சரிவு போட்டுவிடலாம் என்றார். கணக்குப் பார்த்தால் நாலு அங்குலத்துக்கு நாலு அடி வேண்டும். உள்ளே நாலு அடி, வெளியே நாலு அடி. வீட்டு நடையில் பாதியும் வாசல் திண்டில் முக்காலும் மேடாகிவிடும். அதுகூடப் பரவாயில்லை. ராக்கம்மா காதில் அது விழுந்துவிட்டது. மஞ்சள் கையோடு எழுந்து வந்தது.

“சரிவு போட்டா சக்கரம் எதுல ஏறி இறங்கும்?”

மஞ்சள் விரலால் படியைக் காட்டியது.

“படியில ஏறும், இல்லையா? கால் பட்டாலே ஆகாதுன்னு எங்கம்மா எங்களைத் தாண்டித் தாண்டி நடக்க வச்சா. அதுல உக்காந்தா அடிப்பா. அந்தப் படியில தெருவுல உருண்டு வந்த சக்கரம் ஏறணுமா? ஏன் மச்சான், நீங்க பெரியவுக, நீங்க சொல்லுங்க.”

என்னை ஏன் கேட்கிறது? எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் பட்டது. எங்கள் வீட்டிலும் படியில் யாரும் கால் வைக்க மாட்டோம். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற இடம். ராக்கம்மா கெட்ட மனுஷி இல்லை. செல்வி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாசக்கணக்கில் கூட இருந்து பார்த்தது அதுதான்.

“அப்ப படியை அறுத்துருவோம்” என்றார் மாப்பிள்ளை.

“நிலைப்படியில ரம்பம் வைப்பியாலே? நல்ல நேரத்துல? வச்சுப் பாரு!” என்றது ராக்கம்மா.

ஆசாரியும் கை கழுவினார். பூசை போட்ட மரத்தை அறுக்க என்னால் ஆகாது, வேறு ஆளைப் பாருங்கள் என்றார். ஒரு பெரியவர், “அந்தப் பிள்ளையை ரெண்டு பேரு பிடிச்சுத் தூக்கித் தாண்டி விட்டா முடிஞ்சது. நாலு அங்குலந்தானே” என்றார். நாலு அங்குலந்தான். மூன்று படிக்குத் தறியை நிறுத்திக் கூப்பிட வேண்டும் என்றால், நாலு அங்குலத்துக்கும் யாரையாவது கூப்பிடத்தான் வேண்டும். உயரம் குறைந்தது, கூப்பிடுவது குறையவில்லை.

இவ்வளவு நேரமும் செல்வி சாய்தளத்தின் கீழ்முனையில் இருந்தாள். கைவளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு சக்கரத்தைப் பிடித்தாள். நான் பின்னாலிருந்து தள்ளப் போனேன். “விடுண்ணே” என்றாள். பூசாத சிமெண்டு, சொரசொரப்பு. பாதியில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினாள். அப்புறம் மேலே வந்து, நிலை நிற்க வேண்டிய இடைவெளிக்கு நேராக நாற்காலியைத் திருப்பி நிறுத்தினாள். ராக்கம்மாவைப் பார்த்தாள்.

“மதினி, நிலைக்கு அடியில தங்கம் போடுறோம்ல, அது கண்ணுக்குத் தெரியுமா?”

“அது எப்படித் தெரியும்? மூடிருவோம்ல.”

“நவதானியம்?”

“அதுவுந்தான். என்ன கேக்குற நீ?”

“தெரியாட்டியும் இருக்குன்னுதானே அர்த்தம். அதோட படியையும் சேத்துப் புதைச்சிருங்க. நாலு அங்குலம் கீழ இறக்கி வச்சு, மேல தளத்தோட தளமா கல்லைப் போட்டு மூடிருங்க. அறுக்க வேண்டாம். சக்கரம் கல்லு மேல போகும். படி மேல படாது. உங்க காலும் படாது.”

ராக்கம்மா யோசித்தது. கொத்தனார் யோசிக்கவில்லை, நேராகக் குறுக்கே விழுந்தார். “மரத்தைக் கரிசலுக்குள்ள புதைச்சா கரையான் விடுமாத்தா?” என்றார். அதற்கு ஆசாரி, “கழிவு ஆயிலு ரெண்டு கை அடிச்சா கரையான் அண்டாது” என்றார். ரம்பம் வேண்டாம் என்றதும் ஆசாரிக்குத் தெம்பு வந்துவிட்டது. கழிவு ஆயில் என்றதும் மாப்பிள்ளை இப்ராகிம் பாயை இழுத்துக்கொண்டு எம்.ரெட்டியபட்டி டிராக்டர் பட்டறைக்கு ஓடினார். அவர் உத்தியோகமே அதுதானே.

ராக்கம்மா இன்னும் அசையவில்லை.

“புதைச்சிட்டா வெள்ளிக்கிழமை மஞ்சள் எதுல பூசுவ?”

“ரெண்டு பக்கமும் நிலைக்கால் இருக்கே மதினி. உக்காந்தாப்புல கையை நீட்டினா எனக்கு எட்டும். கீழ இருக்குற படிக்கு நான் என்னைக்குக் குனிஞ்சேன்? இத்தனை வருசமா வாடகை வீட்டுப் படிக்கு யாரோதானே பூசுறாக.”

ராக்கம்மா கையிலிருந்த மஞ்சளைப் பார்த்தது. பிறகு திரும்பி, மஞ்சள் அரைத்தவர்களைப் பார்த்துக் கத்தியது. “என்னத்தா வேடிக்கை? கொத்தனார் அங்க கல்லை உடைக்கணும்ல, தட்டையெல்லாம் ஓரமா எடுங்க!”

அவ்வளவுதான். சரி என்று ஒரு வார்த்தை அது சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

பேஸ்மட்டத்தில் மேல்வரிச் செங்கல்லை வாசல் அகலத்துக்குக் கொத்தி எடுத்தார்கள். கொத்தனார் கட்டினதை அவரே உடைக்க வேண்டியதாகப் போயிற்று, உளி விழுகிற ஒவ்வொரு தடவையும் ஏதோ முனகினார். பதினொரு மணிக்குக் குழி தயார். தங்கமும் தானியமும் போட ராக்கம்மாவைத்தான் பேசி வைத்திருந்தார்கள். தட்டை எடுத்து வந்து அது செல்வி மடியில் வைத்தது.

“நீயே போடு. நீதானே புதைக்கச் சொன்னவ.”

செல்வி குனிந்தாள். குழி அவளுக்கு எட்டவில்லை. நான் தோளைப் பிடிக்கப் போனேன், என்னை ஒரு பார்வை பார்த்தாள், கையை எடுத்துக்கொண்டேன். உயரத்திலிருந்தே போட்டாள். தங்கப்பொட்டு குழியில் விழுந்தது. தானியத்தில் பாதி வெளியே சிதறிவிட்டது. ராக்கம்மா முழங்கால் வலியோடு மண்டிபோட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குழிக்குள் தள்ளியது. “போடுறதைப் பாரு, கோழிக்கு எறியுற மாதிரி” என்று திட்டிக்கொண்டே பொறுக்கியது. பதினொன்று இருபதுக்கு நிலை நின்றது. கறிச்சாப்பாடு கிடையாது, விசேஷம் என்பதால் சாம்பாரும் பாயசமும். இப்ராகிம் பாய் இரண்டு தடவை பாயசம் வாங்கினார். மூன்றரைக்குக் கிளம்பி, கயிறு கட்டி, நாலே முக்காலுக்கு அருப்புக்கோட்டை திரும்பினோம். மறுபடி மூன்று படி. தறி நின்றது, “மெல்லகா, மெல்லகா”.

வீடு முடிந்து குடி வந்தாயிற்று. நான் இப்போது அவள் வீட்டு நடையில், தலைவாசலை ஒட்டி உட்கார்ந்துதான் இதைப் பேசிக்கொண்டிருக்கிறேன். நிலை இருக்கிற இடத்தில் கறுப்புக் கல் ஒன்று தரையோடு தரையாகக் கிடக்கிறது. ராக்கம்மா வரும்போதெல்லாம் அந்தக் கல்லையும் தாண்டித்தான் கால் வைக்கும். அது அதன் பழக்கம், நாங்கள் சிரிப்பதில்லை. சாய்தளத்தில் குதிரைவாலி காயப் போட இடம் கேட்டு மட்டும் இரண்டு வீட்டிலிருந்து வந்துவிட்டார்கள்.

உங்கள் வீட்டிலும் நாற்காலியில் ஆள் இருந்து, இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் சில விஷயம். லோடு ஆட்டோ பேசும்போது பலகையும் கயிறும் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். காலை பத்து மணிக்கு முன்னால் போய்ச் சேருங்கள், அப்புறம் நாற்காலிக் கம்பியும் இருக்கையும் தொட முடியாதபடி கொதிக்கும். பெண்கள் வந்தால், போகிற இடத்தில் எந்த வீட்டுக் கழிப்பறையில் நாற்காலி நுழையும் என்று முதல் நாளே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம். வீடு கட்டுகிறவர்களுக்குச் சொல்வது: விதியெல்லாம் பொதுக் கட்டடத்தில் கேட்டு வாங்கலாம், சொந்த வீட்டுக்கு யாரும் வந்து அளந்து பார்க்க மாட்டார்கள், நீங்களேதான் அளக்க வேண்டும். அரசு அடுக்குமாடி வீட்டுக்கு எழுதிப் போடுகிறவர்கள் தரைத்தளம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஆசாரிக்கு மரம் கொடுக்கிற அன்றைக்கே நிலைப்படியைப் பற்றிப் பேசிவிடுங்கள், பேச வேண்டிய மதினிமாரிடமும் பேசிவிடுங்கள். குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்பக்கம் திறந்தால் நாற்காலியில் முட்டும், உள்ளே ஒருத்தர் விழுந்து கிடந்தால் வெளியிலிருந்து தள்ளவும் முடியாது. அப்புறம் கைப்பிடிக் கம்பி இருக்கிறதே, அதை...

“அண்ணே! ஏ அண்ணே!”

செல்வி கூப்பிடுகிறாள். தைக்கிற அறையில்தானே இருந்தாள்? சத்தம் தெருவிலிருந்து வருகிறது.

“மீன்காரர் வந்திருக்காரு, சங்கரா நல்லா இருக்கு! அந்தச் சட்டியை எடுத்துக்கிட்டு வா!”

இந்தா வாரேன்த்தா. பாருங்கள், நான் நடையிலேயேதான் உட்கார்ந்திருக்கிறேன், இவள் எப்போது என்னைத் தாண்டிப் போனாள் என்றே தெரியவில்லை, நாற்காலி எதிலாவது இடித்தால்தானே சத்தம் கேட்கும்.